மழை வரும் போல: தமிழில் வால், ஆங்கிலத்தில் தலை

இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் காலையில் கத்தியை எடுக்கும் முன் வானத்தைப் பார்ப்பார். இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டப் பக்கத்துத் தோட்டங்களில் விடிகிற நேரத்தில் லயத்து வாசலில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்: "மழை வர்ற மாதிரி இருக்கு. ஆனா எட்டு மணி வரைக்கும் தாங்கும் போல. எதுக்கும் கீழ் மலையில முதல்ல வெட்டிருவோம். ஒருவேள தூறல் போட்டா மேல போக வேணாம்."

நான்கு சின்ன வாக்கியங்கள். முதலாவது ஒரு ஊகம். இரண்டாவது அந்த ஊகத்துக்கு ஓர் எல்லை கட்டுகிறது. மூன்றாவது அதிலிருந்து ஒரு முடிவை எடுக்கிறது. நான்காவது, முடிவு பிழைத்துப்போனால் என்ன செய்வது என்று சொல்கிறது. பேசியவருக்கு இது பழகிப்போன பேச்சு. ஆனால் ஒரு தர்க்க நூலின் பக்கமே இதற்குள் இருக்கிறது.

இந்தப் பேச்சு இவ்வளவு கூர்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இறப்பர் மரத்தின் பட்டைக்குள் ஓடும் பால் குழாய்களில் அழுத்தம் அதிகாலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் தளரும், பால் வரத்துக் குறையும். ஆகவே விடியலிலேயே வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு மழை கொட்டினால் தண்ணீர் பட்டை வழியே இறங்கிச் சிரட்டையில் விழுந்த பாலைக் கெடுத்துவிடும். இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை வாங்கும் ஊர். இங்கே வானத்தைப் பற்றிய ஊகம் தப்பினால் ஒரு நாள் பாடே வீண். தலைமுறை தலைமுறையாக இந்த மலைகளில் ஊகித்துப் பேசுவது பிழைப்போடு சேர்ந்தே வளர்ந்த திறமை.

இப்போது அப்படிப் பேசும் ஒரு தாயின் மகளை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் ஒரு பாடமாகப் படித்தவள். க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலத் தாளை எழுதிச் சித்தியடைந்தவள். கொழும்பில் ஒரு வேலைக்கான நேர்முகப் பரீட்சையில், "இந்த வேலை ஏன் வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். சம்பளம், படிப்பு, அனுபவம், குடும்பம் எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஆங்கிலச் சொல் தெரியும். ஆனாலும் முதல் வாக்கியத்தின் பாதியில் நின்றுவிடுகிறாள். அம்மாவின் பேச்சில் இருந்த "மாதிரி இருக்கு", "ஆனா", "எதுக்கும்", "ஒருவேள" ஆகிய நான்கு மூட்டுகளும் அவளுடைய ஆங்கிலத்தில் இல்லை. கை, கால், தலை எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. எழுந்து நடக்க மூட்டு இல்லை.

அந்த மூட்டுகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஒரு கருத்தை அடுத்ததோடு பிணைக்கும் இணைப்புத் தொடர்களும், "இப்படி இருக்கலாம்" என்று சொல்லும் ஊகத் தொடர்களும் ஆங்கிலப் பேச்சில் ஏன் இவ்வளவு பெரிய வேலை செய்கின்றன? நம் பிள்ளைகளுக்கு அவை ஏன் நாக்கில் வர மறுக்கின்றன? மொழி அறிவியலிடம் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது.

ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு

இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே எவ்வளவு நேரம் போகிறது? தான்யா ஸ்டைவர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் உலகின் பத்து மொழிகளில் கேள்வி பதில்களைப் பதிவுசெய்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லி செக்கன். கண் இமைக்கும் நேரத்தைவிட அதிகமில்லை. மொழிக்கு மொழி வேறுபாடு இருந்தாலும் அது கால் செக்கன் அளவுக்குள்தான் ஏறி இறங்குகிறது.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், தாய்மொழியிலேயே வாயைத் திறக்க 600 மில்லி செக்கன் வரை ஆகிறது. ஒரே ஒரு சொல்லுக்கு 600 என்றால், முழு வாக்கியத்தை 200இல் எப்படித் தொடங்குகிறோம்? அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் மூளை பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் விடை. கேட்பதும் கட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

பேச்சு எப்படி உருவாகிறது என்பதை டச்சு உளவியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் மூன்று கட்டங்களாக விளக்கினார். என்ன சொல்வது என்று கருத்தை உருவாக்குவது முதல் கட்டம். அதற்குச் சொல்லும் இலக்கணமும் கொடுப்பது இரண்டாவது. நாக்கும் உதடும் அசைந்து ஒலியாக்குவது மூன்றாவது. தாய்மொழியில் பின்னிரண்டு கட்டங்களும் நாம் கவனிக்காமலே ஓடுகின்றன. நம் முழுக் கவனமும் முதலாவதில் இருக்கும். பழகாத மொழியில் இரண்டாம் கட்டமே கவனத்தை எல்லாம் விழுங்கிவிடுகிறது. இறந்தகாலமா, நிகழ்காலமா, "ஹேஸ்" போடுவதா "ஹேவ்" போடுவதா என்று மனம் அலையும்போது, என்ன சொல்ல வந்தோம் என்பதே நழுவிப்போகிறது.

மனதின் வேலை செய்யும் நினைவகம் மிகவும் சிறியது என்பதும் இதோடு சேர்கிறது. ஜோர்ஜ் மில்லர் 1956இல் அது ஏழு கூறுகளைச் சுற்றி இருக்கும் என்றார். நெல்சன் கவன் 2001இல் அதை நான்கு என்று குறைத்தார். ஆனால் இருவரும் ஒரு சலுகையை ஏற்கிறார்கள்: பல கூறுகளை ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் அந்தக் கட்டு ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். விறகைக் குச்சி குச்சியாகத் தூக்கினால் நான்கு குச்சி. கட்டாகத் தூக்கினால் நான்கு கட்டு.

"இட் லுக்ஸ் லைக்" என்பதை மூன்று சொல்லாகக் கற்ற பிள்ளைக்கு அது மூன்று குச்சி. ஒரே மூச்சில் வரும் ஒரு தொடராகக் கற்றவளுக்கு ஒரு கட்டு. மிச்ச இடம் முழுவதும் கருத்துக்குக் கிடைக்கும். தாய்மொழிக்காரர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாகக் கட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான ஆயத்தத் தொடர்களை மனத்தில் வைத்திருந்து கோர்க்கிறார்கள் என்று ஆண்ட்ரூ போலியும் பிரான்சிஸ் சைடரும் 1983இல் எழுதினார்கள். பிரிட் எர்மனும் பியட்ரிஸ் வாரனும் 2000இல் எண்ணிப் பார்த்தபோது, அவர்கள் ஆராய்ந்த ஆங்கிலப் பேச்சில் 58.6 சதவீதம் இப்படிப்பட்ட ஆயத்தத் தொடர்களாக இருந்தது. பாதிக்கு மேல்! சரளமாகப் பேசுகிறவர் அதிகம் யோசிப்பவர் என்று நாம் எண்ணுகிறோம். மொழியைப் பொறுத்தமட்டில் அவர் குறைவாக யோசிக்க வழி செய்துகொண்டவர்.

எங்கே நிற்கிறோம்

சரளம் என்றால் நிற்காமல் பேசுவது என்று பலர் நம்புகிறார்கள். ஃப்ரீடா கோல்ட்மன்-ஐஸ்லர் 1950களிலும் 60களிலும் பேச்சைப் பதிவுசெய்து மௌனங்களை அளந்து காட்டியபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. தாய்மொழியில் தங்குதடையின்றிப் பேசுவதாக நமக்குத் தோன்றுகிறவரின் பேச்சு நேரத்திலும் கணிசமான பங்கு மௌனம்தான். எல்லோரும் நிற்கிறார்கள். எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பர்வானே தவக்கோலி 2011இல் வெளியிட்ட ஒப்பீடு இதைத் தெளிவாக்கியது. தாய்மொழிக்காரர் பெரும்பாலும் வாசகத்தின் முடிவில், ஒரு கருத்துக்கும் அடுத்த கருத்துக்கும் இடையே நிற்கிறார். கற்பவர் வாசகத்தின் நடுவில், வினைக்கும் பெயருக்கும் இடையே நிற்கிறார். பஸ் தரிப்பிடத்தில் நின்றால் எவரும் ஏனென்று கேட்பதில்லை. நடுப்பாலத்தில் நின்றால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இணைப்புத் தொடர்கள் இந்தத் தரிப்பிடங்களில்தான் நிற்கின்றன. "த திங் இஸ்", "வட் ஐ மீன் இஸ்", "ஒன் தி அதர் ஹேண்ட்", "ஹேவிங் செட் தட்" போன்றவை ஒரு வாசகம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வருபவை. அவற்றைச் சொல்வதற்கு யோசனை தேவையில்லை. நாக்கு தானே சொல்லும். அந்த அரைச் செக்கனில் மனம் அடுத்த வாசகத்தைக் கட்டிவிடும். கேட்பவருக்கோ "இனி எதிர்ப்பக்கம் வருகிறது", "இனி விளக்கம் வருகிறது" என்று முன்னறிவிப்புக் கிடைக்கிறது. பேசுகிறவருக்கு நேரம், கேட்கிறவருக்கு வழிகாட்டி. ஒரே தொடர் இரண்டு பேருக்கும் உதவுகிறது.

"அ...", "ம்..." என்ற ஒலிகள்கூட வீணானவை இல்லை. ஹேர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபொக்ஸ் ட்ரீயும் 2002இல் ஆங்கிலத்தில் இவற்றை ஆராய்ந்து, குறுகிய தாமதத்துக்கு முன் ஒரு ஒலியும் நீண்ட தாமதத்துக்கு முன் இன்னொன்றும் வருகின்றன என்று காட்டினார்கள். நம் பேச்சிலும் இந்த ஏற்பாடு உண்டு. "அது வந்து...", "அதாவது...", "என்னன்னா...", "பாத்தீங்கன்னா..." என்று சொல்லாத தமிழர் யார்? "வந்து" என்பதை யோசித்துப் பாருங்கள். வருதல் என்ற வினையின் எச்சம், வருகைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்து உட்கார்ந்து, பேசுகிறவருக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது. தமிழில் இந்த வித்தையை நாம் எல்லோரும் அறிவோம். ஆங்கிலத்துக்குள் போகும்போதுதான் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம்.

வாலும் தலையும்

ஏன் கழற்றி வைக்கிறோம்? கூச்சம் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று மொழியின் அமைப்பிலேயே கிடக்கிறது.

தமிழில் வினை கடைசியில் வரும். அதோடு சேர்ந்து சந்தேகம், நிபந்தனை, காரணம், கேள்விப்பட்ட செய்தி எல்லாமே வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். "மழை வரும் போல." "அவர் வருவாருன்னு நினைக்கிறேன்." "பஸ் நின்னுடுச்சாம்." "இன்னைக்குச் சம்பளம் போடுவாங்களோ என்னவோ." "மழை பெஞ்சதால வரல." "மழை பெஞ்சாலும் வருவேன்." இந்த ஆறையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். "இட் லுக்ஸ் லைக்" என்று தொடங்க வேண்டும். "ஐ திங்க்" என்று தொடங்க வேண்டும். "அப்பேரன்ட்லி", "ஐ வொண்டர் இஃப்", "பிகோஸ்", "ஈவன் இஃப்" எல்லாமே தாம் சேரும் வாசகத்தின் முதல் சொல்லாக வந்து நிற்கின்றன. நம்முடைய வால் அங்கே தலை.

ஆகவே தமிழில் யோசிக்கும் பிள்ளை என்ன செய்கிறாள்? தமிழ் வரிசையில் "இன்று மழை" என்று தொடங்குகிறாள்: "டுடே ரெய்ன்..." அதோடு நிற்கிறது. சந்தேகத்தைக் கடைசியில் ஒட்டலாம் என்று வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் அதன் இடம் ஏற்கனவே கடந்துபோய்விட்டது. திரும்பிப்போய் எடுக்க வழியில்லை. சொல் தெரியாததால் வந்த மௌனம் என்று ஆசிரியர் நினைப்பார். உண்மையில் அது இடம் தப்பியதால் வந்த மௌனம்.

குருவிட்டக் கடைவீதியில் அவள் பேசும் சிங்களமும் இதில் அவளுக்குக் கைகொடுப்பதில்லை. சிங்களமும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. மழை வரும் போல என்பதற்குச் சிங்களத்தில் "வஹின்ன வகே" என்பார்கள். "வகே" என்ற "போல" அங்கேயும் வாலில்தான். "இருக்கலாம்" என்ற பொருள் தரும் "வென்ன எத்தி"யும் கடைசியில்தான் வருகிறது. வீட்டு மொழியும் கடைவீதி மொழியும் வால் பக்கம் நிற்க, பள்ளிக்கூடத்து மொழி மட்டும் தலைப் பக்கம் நிற்கிறது.

ஆனால் தமிழிலேயே ஒரு பாலம் இருக்கிறது. "ஒருவேளை", "அநேகமா", "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்", "அது இருக்கட்டும்", "இன்னொரு பக்கம் பாத்தா" ஆகியவை வாக்கியத்தின் தலையில் வருபவை. முதல் பயிற்சியை இங்கிருந்தே தொடங்கலாம். ஒரு வாரம் தமிழில் ஊகத்தை வேண்டுமென்றே முன்னால் வைத்துப் பேசிப் பாருங்கள்: "அநேகமா இன்னைக்கு மழை வரும்." தலையில் வைக்கும் பழக்கம் வந்துவிட்டால், "அநேகமா" இருந்த இடத்தில் "ப்ரொபப்ளி" உட்காருவது சுலபம்.

ஊகத்தின் படிக்கட்டு

நிச்சயத்துக்கும் நிச்சயமின்மைக்கும் நடுவில் உள்ள படிகளைச் சொற்களால் எப்படிக் காட்டுகிறோம் என்பதை அமெரிக்க மொழியியலாளர் ஜோர்ஜ் லேகொஃப் 1972இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் ஆராய்ந்தார். அந்தத் துறைக்கு வயது அரை நூற்றாண்டுதான். ஆனால் ஐயத்தைக் காட்டுவதற்கென்றே ஒரு சொல் உண்டு, அது "கொல்" என்று இடைச்சொற்களைப் பற்றிப் பேசும்போது தொல்காப்பியமே சொல்லிவிட்டது. நம் இலக்கணம் சந்தேகத்துக்குத் தனி இருக்கை கொடுத்த இலக்கணம்.

இரத்தினபுரி மாவட்டத்தில் ஊகத்தைக் கற்பிக்க மாணிக்கக் குழியைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. மண்ணைத் தோண்டி, பக்கங்களுக்கு மரச்சட்டம் கொடுத்துக்கொண்டே கீழே இறங்குகிறார்கள். கல் கிடக்கக்கூடிய சரளைப் படைக்கு "இல்லம்" என்று பெயர். அதைத் தொடும் வரைக்கும், தொட்டுக் கூடையில் அள்ளிக் கழுவும் வரைக்கும் யாருக்கும் எதுவும் நிச்சயமில்லை. குழி வாயில் நிற்பவர் சொல்வதைக் கவனியுங்கள். "கல்லு இருந்தே ஆகணும்" என்றால் ஆங்கிலத்தில் "தேர் மஸ்ட் பி". "அநேகமா இருக்கும்" என்றால் "தேர் இஸ் ப்ரொபப்ளி". "இருக்கலாம்" என்றால் "தேர் மே பி". "இருந்தாலும் இருக்கும்" என்றால் "தேர் மைட் பி". "இருக்க வாய்ப்பே இல்ல" என்றால் "தேர் கான்ட் பி". ஐந்து படி. தமிழிலும் ஐந்து, ஆங்கிலத்திலும் ஐந்து.

இதில் ஓர் அழகான ஒற்றுமை உண்டு. ஆங்கிலத்தில் "மஸ்ட்" என்பதற்குக் கட்டாயம் என்றும் பொருள், உறுதியான ஊகம் என்றும் பொருள். மாணவர்கள் இதில் குழம்புவதாக ஆசிரியர்கள் சொல்வார்கள். நம் "வேண்டும்" அதேபோல்தான் வேலை செய்கிறது. "நீ எட்டு மணிக்கு வீட்டுல இருக்கணும்" என்றால் கட்டளை. "அவன் இந்நேரம் வீட்டுலதான் இருக்கணும்" என்றால் ஊகம். "லாம்" என்பதும் அப்படியே: "நீ போகலாம்" என்றால் அனுமதி, "மழை வரலாம்" என்றால் வாய்ப்பு. ஆங்கிலத்து "மே" இதே இரண்டையும் சுமக்கிறது. உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. "வேண்டும்" தெரிந்த பிள்ளைக்கு "மஸ்ட்" புதிதில்லை என்பதை யாராவது ஒரு தரம் எடுத்துச் சொன்னால் போதும்.

ஊகித்துப் பேசுவது அறியாமையின் அடையாளம் என்று எண்ணுபவர்களுக்குக் குருவிட்டவுக்கு அருகே காட்டுக்குள் இருக்கும் படதொம்பலென குகையைக் காட்டலாம். தொல்லியலாளர் சிரான் தெரணியகல 1980களில் அங்கே அகழ்ந்தபோது சின்னஞ்சிறு கற்கருவிகளும் மனித எலும்புகளும் கிடைத்தன. முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மழைக்காட்டில் நம்மைப் போன்ற மனிதர் வாழ்ந்ததற்கு அந்தக் குகை சான்று. மரநத்தைகளின் ஓடுகள், குரங்கு எலும்புகள், கெக்குன மரத்தின் கொட்டைகள் எல்லாம் மண்ணடுக்குகளில் இருந்தன. இவற்றை வைத்து அறிவியலாளர்கள் எழுதும் வாக்கியங்கள் "இருந்திருக்கலாம்", "என்று தோன்றுகிறது", "இது சுட்டுகிறது" என்றே அமையும். சான்று எவ்வளவோ அவ்வளவுக்கே பேசுவது அறிவியலின் நேர்மை. "தே மைட் ஹேவ் ஈட்டன் ஸ்னெய்ல்ஸ்" என்று சொல்லும் மாணவி அந்த நேர்மையைத்தான் பழகுகிறாள்.

கட்டளைக்கு அப்பால் ஒரு மொழி

தோட்டங்களில் மொழி நடந்த வழியையும் இங்கே பேசியாக வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் கற்றார்கள். அதற்கென்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு கைநூல் அச்சானது. பெயர் "இங்கே வா". புதிதாக வரும் சின்னதுரைக்கான வழிகாட்டி அது. தலைப்பே ஓர் ஏவல். வேலை வாங்க எவ்வளவு தேவையோ அவ்வளவு தமிழ். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பதற்கு அந்த உறவில் இடமே இருக்கவில்லை.

ஆங்கிலம் மறுதிசையில் லயத்துக்கு வந்த விதமும் இதைப் போன்றதே. செக்ரோல், பெரட்டு, லயம், டிவிசன், கண்டாக்கையா என்று நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் தமிழ் உடை போட்டுக்கொண்டு வந்தன. எல்லாமே பெயர்ச்சொற்கள், வேலையின் பெயர்கள், பதவியின் பெயர்கள், இடத்தின் பெயர்கள். "நான் நினைக்கிறேன்" என்பதும் "அப்படியும் இருக்கலாம், ஆனால்" என்பதும் அந்தச் சொற்களோடு சேர்ந்து வரவில்லை. கட்டளையைக் கேட்டுத் தலையாட்டுவதற்கு இணைப்புத் தொடர் எதற்கு? இன்றும் நம் பிள்ளைகளின் ஆங்கிலம் பலநேரம் "யெஸ் சேர்", "நோ சேர்" என்ற இரண்டு கரைகளுக்கு நடுவே நிற்பதைப் பார்க்கும்போது, அந்தப் பழைய பாதையின் தடம் எனக்குத் தெரிகிறது.

பெனலோபி பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் மரியாதைப் பேச்சைப் பற்றி உலகம் முழுவதும் வாசிக்கப்படும் ஒரு நூலை எழுதினார்கள். 1978இல் முதலில் வந்து, 1987இல் தனி நூலாயிற்று. அந்தக் கோட்பாட்டை அவர்கள் மூன்று மொழிகளிலிருந்து கட்டினார்கள்: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், மூன்றாவது தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். முன்னே சொன்ன 200 மில்லி செக்கன் ஆய்விலும் இதே லெவின்சன் பங்கெடுத்தார். மனிதர்கள் ஏன் நேரடியாகச் சொல்லாமல் "கொஞ்சம்", "முடிஞ்சா", "தப்பா நினைக்காதீங்க" என்று சுற்றிச் சொல்கிறார்கள் என்ற உலகக் கேள்விக்கு விடை தேடியவர்கள் தமிழ்க் கிராமத்துக்கு வந்தார்கள். அவர்கள் கண்டது இது: ஊகத் தொடர்கள் எதிரில் இருப்பவரின் மதிப்பைக் காக்கின்றன, மறுப்பதற்கு அவருக்கு இடம் விடுகின்றன.

எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. "ஐம் நொட் ஷுவர், பட் ஐ திங்க்" என்று சொல்பவர் பணிவு காட்டும் அதே மூச்சில் தனக்கென்று ஒரு கருத்து உண்டு என்றும் அறிவிக்கிறார். தலையாட்டுவதற்கும் எதிர்த்து நிற்பதற்கும் நடுவில், சேர்ந்து யோசிப்பவராக அமர்கிறார். லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த இருக்கை மிகவும் தேவை. இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் ஆங்கிலத்தை "இணைப்பு மொழி" என்று பெயரிட்டது. இணைப்பு மொழியை இணைப்புச் சொற்கள் இல்லாமல் கற்பித்தால் அது யாரை யாரோடு இணைக்கும்?

எப்படிப் பழகுவது

பெல்ஜியத்தில் பிராங்க் பூர்ஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று நமக்குத் துணிவு தருகிறது. ஆங்கிலம் கற்கும் 32 கல்லூரி மாணவர்கள், 22 மணி நேர வகுப்பு. இரண்டு குழுவினரும் ஒரே பாடங்களைக் கேட்டார்கள், வாசித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் தனிச்சொற்களை விட்டு ஆயத்தத் தொடர்களைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். முடிவில் நடந்த நேர்காணலில், யார் எந்தக் குழு என்று அறியாத மதிப்பீட்டாளர்கள் அந்தக் குழுவினரையே கூடுதல் திறமை உள்ளவர்களாக மதிப்பிட்டார்கள். தொடரைக் கவனிக்கும் கண் ஒன்றே போதுமாயிருந்தது.

போல் நேஷன் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் 1989இல் விளக்கிய பயிற்சி இன்னும் எளிது. ஒரே விடயத்தை ஒருவருக்கு நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். பிறகு வேறொருவருக்கு அதையே மூன்று நிமிடத்தில், அடுத்து இன்னொருவருக்கு இரண்டு நிமிடத்தில். விடயம் மாறாததால் என்ன சொல்வது என்ற முதல் கட்டத்து யோசனை குறைகிறது. தொடர்கள் நாக்கில் படிகின்றன. மூன்றாம் தரம் பேசும்போது வேகம் கூடுவதையும் தயக்கம் குறைவதையும் அவர் பதிவுசெய்தார். இதற்கு மூன்று நண்பர்களும் ஒரு மணிக்கூடும் போதும்.

பேசும் விடயத்தை இலண்டனிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. 1912இல் இரத்தினபுரிக்கு வந்த களனிவெளிச் சிறு புகையிரதம் அவிசாவளைக்கு அப்பால் 1970களில் நின்றுபோனது. ஏன் நின்றிருக்கலாம்? அது இன்றும் ஓடினால் குருவிட்ட எப்படி இருந்திருக்கும்? "மேபி", "இஃப் இட் வேர் ஸ்டில் ரன்னிங்", "பட் தென் அகெய்ன்" எல்லாம் தாமாகத் தேவைப்படும் கேள்விகள் இவை. எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலை ஏறுவது நல்லதா, ஹட்டன் வழியா? குரு கங்கை இந்த வருடம் பெருகுமா? ஊகிக்க ஏதாவது இருக்கும் இடத்தில்தான் ஊக மொழி வளரும்.

எச்சரிக்கை இரண்டு. "மோரோவர்", "ஃபர்தர்மோர்" போன்றவை எழுத்துக்குரியவை. கட்டுரைக்கு மனனம் செய்த அவற்றைப் பேச்சில் அடுக்கினால் செயற்கையாகக் கேட்கும். பேச்சில் "சோ", "பட்", "எனிவே", "த திங் இஸ்" போதும். இரண்டாவது, எந்தத் தொடரையும் உள்ளிருக்கும் உறவு தெரியாமல் பயன்படுத்தக் கூடாது. "ஒன் தி அதர் ஹேண்ட்" என்று சொன்னால் உண்மையிலேயே மறுபக்கம் ஒன்று வர வேண்டும். ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஈஎல்ரீஎஸ் பேச்சுப் பரீட்சையின் நான்கு அளவுகோல்களில் முதலாவது சரளத்தையும் கருத்தின் தொடர்ச்சியையும் ஒன்றாகவே பார்க்கிறது. மூட்டு இருந்தும் எலும்பு பொருந்தாவிட்டால் நடை சரியாக அமையாது.

வாரத்துக்குப் பத்துத் தொடர்களுக்கு மேல் வேண்டாம். ஐந்து இணைப்பு, ஐந்து ஊகம். ஒவ்வொன்றையும் பிரிக்காமல் ஒரே மூச்சில், குரல் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பழகுங்கள். அதற்குப் பின்னால் வரும் வாசகத்தில் இலக்கணம் பிழைத்தாலும் கவலை வேண்டாம். மூட்டு முதலில், தசை பிறகு.

நாளைக் காலை பஸ்ஸுக்குப் புறப்படும் முன் பிள்ளைகள் வாசலில் நிற்கும் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகட்டும்: "அம்மா, இன்னைக்கு மழை வருமா?" அவர் "வரும்" என்றோ "வராது" என்றோ ஒற்றைச் சொல்லில் முடிக்க மாட்டார். வானத்தைப் பார்ப்பார், மலையைப் பார்ப்பார், பிறகு "போல", "ஆனா", "எதுக்கும்", "ஒருவேள" எல்லாம் சேர்த்து ஒரு விடை சொல்வார். அந்த விடையை அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டு, வாலில் இருப்பதைத் தலைக்குக் கொண்டுவந்து, பஸ் இரத்தினபுரி போய்ச் சேர்வதற்குள் ஆங்கிலத்தில் மூன்று தரம் சொல்லிப் பார்க்கட்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். அந்த வாக்கியத்தைக் கட்டத் தெரிந்த ஆசிரியர் அவர்தான்.